டாக்டர் வீட்டுக்கு வருவாரா?

நம் மாட்டுங்காவில் முழங்கால் வலி என்று ஒருவர் சொன்னால் போதும், நாலு பேர் நாலு ஸ்பெஷலிஸ்டின் பெயரைச் சொல்வார்கள். பரேலில் யார், தாதரில் யார், எந்தக் கிழமை எங்கே உட்காருகிறார் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் "அம்மாவால் படி இறங்க முடியவில்லை, வீட்டுக்கு வந்து பார்க்கக்கூடிய டாக்டர் யார்?" என்று கேட்டால் பலர் யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. நான் டாக்டர் அல்ல, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே வைத்தியம் சொல்ல வரவில்லை. வைத்தியம் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்கான ஏற்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு பாடமாக எழுதுகிறேன்.

சுருக்கம் இதுதான்: முன்பின் தெரியாத வீட்டுக்கு எந்த டாக்டரும் எளிதில் வரமாட்டார். தெரிந்த வீட்டுக்கு முடிந்தவரை வருவார். ஆகவே வீட்டு விசிட்டுக்கான ஏற்பாட்டை நோய் வந்த அன்று தொடங்கக் கூடாது, உடம்பு நன்றாக இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

1. நம் பேட்டையின் நிலைமை

தாதர்–மாட்டுங்கா குடியிருப்புகள் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் போட்ட திட்டத்தில் எழுந்தவை. தெலங் ரோடு, பண்டார்கர் ரோடு பக்கம் அந்தக் காலத்து மூன்று மாடிக் கட்டடங்கள் பல இன்னும் நிற்கின்றன. அவற்றில் பலவற்றில் லிப்ட் கிடையாது. நாற்பது வயதில் குடிவந்தபோது மூன்றாம் மாடி ஒரு பொருட்டே இல்லை, காற்றும் வெளிச்சமும் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டோம். எழுபத்தைந்து வயதில் அதே மாடி ஒரு மலை. கீழே க்ளினிக் நூறு கஜத்தில் இருந்தாலும் போக முடிவதில்லை. பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டு வயோதிகர்கள், அல்லது ஒருவர் மட்டும்.

பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு நமக்குக் குறைவில்லை. சயானில் லோகமான்ய திலகர் மாநகராட்சி ஆஸ்பத்திரி, பரேலில் 1926 முதல் நடக்கும் கே.இ.எம்., புற்றுநோய்க்கு டாடா மெமோரியல் என்று எல்லாமே சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. மாநகராட்சி 2022-ல் தொடங்கிய 'ஆப்லா தவாகானா'க்களில் சாதாரண நோய்களுக்கு இலவசமாகப் பார்த்து மருந்தும் தருகிறார்கள். ஆனால் இவை எல்லாம் நாம் தேடிப் போக வேண்டிய இடங்கள்.

கையில் கார்டு இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். என்னிடமும் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் கார்டு இருக்கிறது. பைகுல்லா ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனால் அது பேருதவி. 70 வயது கடந்த எல்லோருக்கும் 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் விரிவாக்கப்பட்டதும் நல்ல செய்திதான், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறார்கள். ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கானது. ஜுரத்தோடு மூன்றாம் மாடியில் படுத்திருக்கும் மாமியின் நாடியைப் பிடித்துப் பார்க்க எந்தக் கார்டும் படியேறி வராது. அதற்கு ஒரு மனிதர் வேண்டும். அவருக்குத்தான் குடும்ப டாக்டர் என்று பெயர்.

2. பிற இடங்களில் எப்படி?

பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் வட்டாரத்தில் உள்ள ஒரு டாக்டரின் க்ளினிக்கில் பெயரைப் பதிவு செய்துகொள்கிறார்கள். லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்: காலை 8 மணிக்கு டெலிபோன் திறந்தவுடன் வரிசையில் நின்று அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும். வீட்டு விசிட் வேண்டுமானால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். உடல்நிலை காரணமாக வரவே இயலாதவர்களுக்குத்தான் அந்த வசதி. வண்டி கிடைக்கவில்லை என்பது அங்கே காரணமாகாது. அவசரமில்லாத ஆலோசனைக்கு 111, உயிர் ஆபத்துக்கு 999 என்று எண்களும் தனித்தனி.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மருந்து தருவதும், படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் சென்று பார்ப்பதும் இதில் அடக்கம். ஊரில் தாய் தந்தையரை விட்டு வந்திருக்கும் வாசகர்கள், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பற்றி விசாரித்து அவர்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நம் தாராவியையும் மறக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் கொரோனா அங்கே பரவத் தொடங்கியபோது, அந்தப் பகுதியிலேயே க்ளினிக் வைத்திருந்த தனியார் டாக்டர்கள் மாநகராட்சியோடு சேர்ந்து, கவச உடை அணிந்து, சந்து சந்தாகப் போய் மக்களைப் பரிசோதித்தார்கள். புதிய முகங்களைக் கண்டு பயந்தவர்கள்கூட, பல வருடமாகத் தமக்கு மருந்து கொடுத்த டாக்டரைக் கண்டதும் நம்பி வெளியே வந்தார்கள். பழக்கம் என்பது எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

லண்டனில் இருக்கும் பதிவுப் புத்தகம் மும்பைத் தனியார் டாக்டரிடம் இல்லை. ஒருவருடைய நோயாளி யார் என்பதை இங்கே பழக்கம்தான் முடிவு செய்கிறது. பிரிட்டனில் பதிவேடு செய்யும் வேலையை இங்கே நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

3. டாக்டரின் கணக்கும் தெரிய வேண்டும்

"டாக்டர்கள் இப்போதெல்லாம் வருவதே இல்லை, பணமே குறி" என்று கோபித்துக் கொள்வது சுலபம். கொஞ்சம் அவர் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

பேட்டை க்ளினிக் பெரும்பாலும் காலையில் இரண்டு மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் நடக்கும். ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிஷம் என்று வையுங்கள். 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழும் நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரம் ஐந்து நிமிஷம் அல்லது அதற்கும் குறைவு. ஸ்வீடனில் அது 22 நிமிஷத்துக்கும் மேல். நம் டாக்டர் க்ளினிக் நேரத்தில் எழுந்து உங்கள் வீட்டுக்கு வந்து திரும்ப, போக வர 20 நிமிஷம், படியேற, பார்க்க, எழுதிக் கொடுக்க 20 நிமிஷம், ஆக 40 நிமிஷம் ஆகும். பெஞ்சில் எட்டுப் பேர் காத்திருக்க வேண்டும். அந்த எட்டுப் பேரில் நாளை நாமும் ஒருவராக இருப்போம்.

ஆகவே டாக்டருக்கு வசதியான நேரம் எது என்றால், காலை க்ளினிக் முடிந்து சாப்பாட்டுக்குப் போகும் வழியில், அல்லது மாலை க்ளினிக் திறப்பதற்கு முன். காலை 9 மணிக்குள் தகவல் சொன்னால் அவர் அதைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள முடியும். ராத்திரி 9 மணிக்கு, மூன்று நாளாக இருக்கும் ஜுரத்துக்காக அழைத்தால் அவர் முகம் சுளிப்பது நியாயம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. தெரியாத வீடு, தெரியாத நோயாளி, பழைய ரிப்போர்ட் எதுவும் இல்லை, கையில் ஸ்டெதாஸ்கோப் மட்டும் என்ற நிலையில் முடிவு சொல்ல டாக்டருக்குத் தயக்கமாக இருக்கும். தெரிந்த நோயாளி என்றால் 'இவருக்கு எப்போதுமே நாடி இப்படித்தான்' என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு தகவல் பல ஆயிரம் ரூபாய் டெஸ்டை மிச்சப்படுத்தும்.

4. டாக்டரை முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்வது

மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்புக்கு வரும் கோச் எல்லாம் கெட்டுப் போய் வருவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, தவணை வந்ததும் உள்ளே இழுத்து, சக்கரம் முதல் பிரேக் வரை பிரித்துப் பார்த்து, அட்டையில் எழுதி அனுப்புவோம். அந்த அட்டைதான் அடுத்த தவணையில் பேசும். மனித உடம்புக்கும் இதே வழிதான்.

முதலில், வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டரைத் தேர்ந்தெடுங்கள். பெரிய பெயர் வேண்டாம், அருகில் இருக்க வேண்டும். பதிவு எண்ணை க்ளினிக்கில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வீட்டுப் பெரியவர்களை நடக்க முடிகிற காலத்திலேயே ஒருமுறை அழைத்துப் போய் அறிமுகம் செய்து, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். ஸ்பெஷலிஸ்டிடம் போனாலும் அவர் எழுதிய சீட்டை இவரிடம் காட்டிவிடுங்கள். நாலு ஸ்பெஷலிஸ்ட் எழுதிய பதினோரு மாத்திரைகளில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் குடும்ப டாக்டர்தான்.

மூன்றாவது, நேராகக் கேளுங்கள்: "டாக்டர், அவசியம் ஏற்பட்டால் வீட்டுக்கு வருவீர்களா? எந்த நேரத்தில் சொல்ல வேண்டும்? யாரிடம் சொல்ல வேண்டும்? பீஸ் எவ்வளவு? நீங்கள் ஊரில் இல்லாதபோது யாரைக் கூப்பிடலாம்?" இந்த ஐந்து கேள்விக்கும் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பீஸ் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சிகிச்சைக்கு முன்பே கட்டணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பதும் அதே 2002 விதிகளில் இருக்கிறது. வரமாட்டேன் என்று அவர் சொன்னாலும் நஷ்டமில்லை, இன்றே தெரிந்தது நல்லது. வேறொருவரைப் பார்க்க நேரம் இருக்கிறது.

நான்காவது, கம்பவுண்டரை மதியுங்கள். நம்பர் போடுவதும், போனை எடுப்பதும், எது அவசரம் என்று டாக்டர் காதில் போடுவதும் அவர்தான். தீபாவளிக்கு ஒரு டப்பா மைசூர்பாகு தவறாமல் கொடுக்கிறோமோ இல்லையோ, தினசரி மரியாதையாகப் பேசுவது முக்கியம்.

5. போனில் சொல்வது எப்படி?

"டாக்டர், அம்மாவுக்கு ரொம்ப முடியலை, உடனே வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டால், டாக்டருக்கு என்ன தெரியும்? ஜுரமா, மாரடைப்பா, மனக்கலக்கமா? ரயில்வே கன்ட்ரோலுக்குச் செய்தி சொல்லும்போது இடம், நடந்தது, நேரம், தேவை என்ற நாலும் இருக்க வேண்டும் என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். அதே முறையில் ஒரு மாதிரி தருகிறேன்:

"டாக்டர், வணக்கம். தெலங் ரோடு, மூன்றாம் மாடியிலிருந்து பேசுகிறேன். அம்மாவுக்கு வயது 78. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. நேற்று சாயங்காலம் முதல் ஜுரம், இப்போது 101. மூச்சு விடச் சிரமம் இல்லை, நினைவு தெளிவாக இருக்கிறது. சாப்பாடு பாதிதான் போகிறது. எழுந்து நின்றால் கால் தள்ளாடுகிறது, படி இறங்க முடியாது. இன்று மத்தியானம் வந்து பார்க்க முடியுமா? அதுவரை நான் என்ன செய்ய வேண்டும்?"

சொல்லி முடிக்க அரை நிமிஷம். இதில் கடைசிக் கேள்வி மிக முக்கியம். அதற்கு டாக்டர் சொல்லும் பதிலை எழுதிக்கொண்டு, திருப்பிப் படித்துக் காட்டுங்கள். ஸ்டேஷன் மாஸ்டரும் கேட்மேனும் டெலிபோனில் பேசும்போது இரகசிய எண் பரிமாறிக்கொள்வது எதற்காக? கேட்டது சரியாகக் கேட்டதுதானா என்று உறுதி செய்யத்தான். மாத்திரை விஷயத்திலும் அது வேண்டும்.

போனிலோ வீடியோவிலோ டாக்டர் ஆலோசனை சொல்வதற்கு 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு நெறிமுறைகள் வெளியிட்டது. அதன்படி டாக்டர் போனிலேயே சில மருந்துகளை எழுதித் தரலாம், நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றும் சொல்லலாம். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைப் போனில் எழுதித் தரக் கூடாது. போன் ஆலோசனைக்கும் கட்டணம் வாங்கலாம். ஆகவே "இரண்டே நிமிஷம்தானே பேசினோம்" என்று நினைக்காமல் கொடுத்துவிடுவது முறை. அரசின் 'இ-சஞ்சீவனி' சேவையில் 2020 ஏப்ரல் முதல் வீட்டிலிருந்தபடியே இலவசமாக டாக்டரோடு பேசும் வசதியும் இருக்கிறது. இவை எல்லாம் விசிட்டுக்குத் துணை, மாற்று அல்ல.

ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோருக்கு ஹிந்தியும் மராத்தியும் தெரியாது. வீட்டில் தனியாக இருக்கும் நேரத்தில் வாட்ச்மேனிடமோ ஆம்புலன்ஸிலோ சொல்ல இந்த ஆறையும் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டுங்கள். முதலில் மராத்தி, பிறகு ஹிந்தி:

மார் வலிக்கிறது: சாதீத் துகதய் – சீனே மே தர்த் ஹை.
மூச்சு வாங்குகிறது: தம் லாக்தோய் – சாஸ் பூல் ரஹீ ஹை.
தலை சுற்றுகிறது: சக்கர் யேதேய் – சக்கர் ஆ ரஹா ஹை.
ஜுரம்: தாப் ஆலாய் – புகார் ஹை.
வாந்தி: உல்டி ஹோதேய் – உல்டி ஹோ ரஹீ ஹை.
கீழே விழுந்துவிட்டார்: படலே – கிர் கயே.

6. எப்போது வீட்டு விசிட் கூடாது?

குடும்ப டாக்டர் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாத நிலைமைகள் உண்டு. மார்பில் அழுத்தமான வலி, மூச்சுத் திணறல், நினைவு தப்புதல், நிற்காத ரத்தப்போக்கு, முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், விழுந்து இடுப்பை அசைக்க முடியாத வலி இவற்றில் எதுவானாலும் நேரே ஆஸ்பத்திரிதான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, நோய் தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் செய்தாக வேண்டும். வீட்டுக்கு வரும் டாக்டரின் பையில் ஸ்கேன் மெஷின் இல்லை.

மகாராஷ்டிராவில் 2014 முதல் 108 ஆம்புலன்ஸ் சேவை இலவசமாக நடக்கிறது. கூப்பிடும்போது முகவரியில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். மாட்டுங்கா என்ற பெயரில் மத்திய ரயில்வே ஸ்டேஷன் ஒன்று, மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு ஒன்று. கிழக்கா மேற்கா என்று சொல்லாவிட்டால் வண்டி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். "மாட்டுங்கா கிழக்கு, கிங்ஸ் சர்க்கிள் பக்கம்" என்பது போல அடையாளத்தோடு சொல்லி, ஒருவரைத் தெருமுனையில் நிறுத்துங்கள்.

மாடிப்படியையும் ஒருமுறை அளந்து பாருங்கள். என் தொழில் புத்தி என்று சிரிக்க வேண்டாம். பழைய கட்டடங்களில் படி திரும்பும் இடத்தில் நீளமான ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலி ஒன்றை வீட்டில் வைத்திருந்தால் அதில் உட்கார வைத்து நாலு பேர் இறக்கலாம். ஆனால் இடுப்பிலோ முதுகிலோ அடிபட்டவரை நாற்காலியில் தூக்கக் கூடாது. அவருக்கு ஸ்ட்ரெச்சர் ஆட்கள்தான் வர வேண்டும். படியில் நிற்கும் பழைய சைக்கிள், பூத்தொட்டி, செருப்பு அலமாரி இவற்றை சொசைட்டி கூட்டத்தில் சொல்லி முன்பே அகற்றச் செய்வதும் ஒரு வைத்தியம்தான்.

7. டாக்டர் வரும்போது வீடு எப்படி இருக்க வேண்டும்?

வாட்ச்மேனிடம் பெயர் சொல்லி வையுங்கள். நோயாளியின் அறையில் நல்ல வெளிச்சம், கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி, கை கழுவ சோப்பு, சுத்தமான துண்டு. எல்லா மாத்திரைகளும் ஒரே டப்பாவில், சித்த, ஆயுர்வேத, ஹோமியோபதி மருந்து உள்பட. பழைய ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில், புதியது மேலே. ஜுரம், ரத்த அழுத்தம், சர்க்கரை அளவுகள் நேரத்தோடு குறித்த ஒரு நோட்டு. டி.வி. அணைத்திருக்கட்டும்.

நோயாளி முதலில் தானே பேசட்டும். நம் வீடுகளில் டாக்டர் "எப்படி இருக்கீங்க அம்மா?" என்று கேட்டால், மகன், மருமகள், பக்கத்து வீட்டு மாமா மூவரும் பதில் சொல்வார்கள். அம்மா சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். வலி அவளுக்குத்தானே? அவள் சொன்ன பிறகு வீட்டில் கவனித்துக்கொள்ளும் ஒருவர் மட்டும் விட்டுப்போனதைச் சொன்னால் போதும். காபி சாப்பிட்டே ஆக வேண்டும் என்று டாக்டரை உட்கார வைக்காதீர்கள், க்ளினிக்கில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். பீஸை ஒரு கவரில் தயாராக வைத்திருங்கள்.

புறப்படும் முன் மூன்று கேள்வி: எந்த மருந்து, எத்தனை நாள்? எத்தனை நாளில் குறைய வேண்டும்? என்ன ஆனால் உடனே உங்களைக் கூப்பிட வேண்டும், என்ன ஆனால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

கட்டுப் போடுவது, ஊசி போடுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது போன்றவற்றுக்கு ஒவ்வொரு தடவையும் டாக்டர் வர வேண்டியதில்லை. அவர் சொல்படி நர்ஸ் வந்து செய்யலாம். ரத்தம் எடுக்க லேபிலிருந்து ஆள் வருவார். இப்படிப் பிரித்துக் கொடுத்தால் டாக்டரின் வருகையை உண்மையில் அவர் தேவைப்படும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

8. பேசத் தயங்கும் ஒரு விஷயம்

இதை எழுதாமல் விட்டால் பாடம் முழுமையாகாது. வயதானவர் வீட்டிலேயே காலமானால், முதலில் தேவைப்படுவது டாக்டரின் சான்றிதழ். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ன் 10-ஆம் பிரிவு, கடைசி நோயில் கவனித்த டாக்டர் மரணத்தின் காரணத்தை எழுதி, கட்டணம் வாங்காமல் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது. வீட்டில் நடக்கும் மரணத்துக்கு அது 4ஏ படிவம். மயானத்தில் முதலில் கேட்பதும் டாக்டர் சர்டிபிகேட்டைத்தான்.

'கடைசி நோயில் கவனித்த டாக்டர்' என்ற சொற்களைக் கவனியுங்கள். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? முகம் தெரியாத டாக்டர் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவார்? போடாமல் இருப்பதுதான் அவர் கடமை. பிறகு போலீஸுக்குச் சொல்வதும், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதும், சில சமயம் பிரேதப் பரிசோதனையும் என்று ஆகிவிடும்.

எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். என் அத்திம்பேர் தமது 84-ஆம் வயதில், மாடியை விட்டு இறங்கியே இரண்டு வருடம் ஆன நிலையில், ஒரு மார்கழி விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். மாதம் ஒருமுறை வந்து பார்த்த பேட்டை டாக்டருக்கு ஆறு மணிக்கு அக்கா போன் செய்தாள். அவர் வந்து பார்த்து, அக்காவிடம் நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசி, படிவத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். துபாயிலிருந்து மகன் வந்து சேரும்போது எல்லாக் காகிதமும் தயார். அழுவதற்கு மட்டுமே அந்த வீட்டில் வேலை இருந்தது. இன்னொரு வீட்டில் மாமாவுக்கு எல்லாமே தூரத்து ஸ்பெஷலிஸ்டுகள்தான், கடைசியாகப் போய்ப் பார்த்தே ஒரு வருடத்துக்கு மேல். அவர் இரவில் காலமானபோது அந்த மாமி விடியும் வரை ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். மறுநாள் மாலைதான் உடல் வீட்டுக்கு வந்தது. துக்கத்தின் மேல் அலைச்சலும் சேர்ந்தது. இரண்டு வீட்டுக்கும் வசதி ஒன்றுதான், படிப்பும் ஒன்றுதான். ஒரு வீட்டில் டாக்டர் இருந்தார், ஒரு வீட்டில் இல்லை.

9. வீட்டுப் பாடம்

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். இந்த வாரத்திலேயே செய்யக்கூடியவை:

ஒன்று, நடக்கும் தூரத்தில் ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்துப் பெரியவர்களை அழைத்துப் போங்கள்.
இரண்டு, மேலே சொன்ன ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பதில் எழுதுங்கள்.
மூன்று, பெயர், வயது, நோய்கள், மருந்துகள், ஒவ்வாத மருந்து, முழு முகவரி, அடையாளம், இரண்டு உறவினர் எண்கள் இவற்றை ஓர் அட்டையில் எழுதிப் போன் அருகே ஒட்டுங்கள்.
நான்கு, அந்த அட்டையின் போட்டோவை வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். அவர்களுக்கு டாக்டர் எண் தெரிந்திருக்கட்டும். நடு ராத்திரியில் அமெரிக்காவில் பகல்.
ஐந்து, தெர்மாமீட்டர், ரத்த அழுத்தக் கருவி இரண்டும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பேட்டரியை மாற்றுங்கள்.
ஆறு, அதே மாடியில் உள்ள ஒரு வீட்டில் சாவியும் அட்டையின் நகலும் கொடுத்து வையுங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். வட்டாரத்தில் வீட்டுக்கு வரச் சம்மதிக்கும் டாக்டர்கள், நர்ஸ்கள் யார் யார் என்று அவர்களிடமே அனுமதி கேட்டு ஒரு பட்டியல் தயாரித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து, சங்க அலுவலகத்தில் வைத்தால் பல குடும்பங்களுக்கு உதவும். தனியாக இருக்கும் முதியவர்களை மாதம் ஒருமுறை டாக்டரிடம் கையைப் பிடித்து அழைத்துப் போக இளைஞர்கள் நாலு பேர் பெயர் கொடுத்தால் இன்னும் நல்லது. பெயர்களைச் சேகரித்து ஒழுங்கு செய்யும் வேலையை நான் ஏற்றுக்கொள்ளத் தயார். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை?